குரூப் 4 தேர்வறையில் மூன்று மணி நேரம்: நேரத்தையும் பதற்றத்தையும் சமாளிக்க ஒரு வழிகாட்டி

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை முதல்முறை எழுதப் போகிறவர்கள் எந்தப் புத்தகம் படிக்கலாம், எந்த டெஸ்ட் பேட்ச்சில் சேரலாம் என்று நிறையக் கேட்கிறார்கள். அந்த மூன்று மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் பள்ளி வாசலில் கேட்கிற பேச்சு நேரத்தைப் பற்றித்தான். "கணக்கு வரைக்கும் போகவே முடியல", "கடைசி பத்து நிமிஷத்துல கண்ணை மூடிக்கிட்டு நிரப்பினேன்" என்பார்கள். இவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள்.

வி.ஏ.ஓ., இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பணிகளுக்கான இந்தத் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும். அதனால் கூட்டம் அதிகம். 2024 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். ஒரே மதிப்பெண்ணில் ஏராளமானோர் நிற்கிற போட்டி இது. தெரிந்த நாலு கேள்வியை நேரமில்லாமல் விட்டுவிட்டு வருவது பெரிய இழப்பு.

இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அறையில் பதற்றத்தைக் கூட்டுவது பெரும்பாலும் அங்கே உட்கார்ந்து எடுக்க வேண்டியிருக்கும் முடிவுகள். எதை முதலில் எழுதுவது, இந்தக் கணக்கை விடலாமா கூடாதா, தெரியாத கேள்விக்கு எதை நிரப்புவது, இப்போது வேகமாகப் போகிறோமா மெதுவாகப் போகிறோமா என்று ஒவ்வொன்றுக்கும் அங்கேயே யோசித்தால் தலை களைத்துவிடும். இந்த முடிவுகளை எல்லாம் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டுப் போக முடியும்.

முதல் படி: உங்கள் 54 விநாடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண், 180 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். தமிழ் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வில் 100 கேள்விகள். இன்னொரு பகுதியில் பொது அறிவு 75, திறனறிவு (பெரும்பாலும் கணக்கு) 25. தமிழில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

180 நிமிடத்தை 200-ஆல் வகுத்தால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. ஆனால் இந்த 54 முழுக்க யோசிப்பதற்கு இல்லை. ஓ.எம்.ஆர். தாளில் ஒரு வட்டத்தை ஒழுங்காக நிரப்ப 5 விநாடி என்று வைத்தால்கூட, 200 வட்டத்துக்கு 1,000 விநாடி. கிட்டத்தட்ட 17 நிமிடம்! வீட்டில் புத்தகத்தில் டிக் அடித்துப் பழகியவர்கள் இந்த 17 நிமிடத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. தேர்வறையில் நேரம் மாயமாகப் போவதுபோல் தோன்றுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அடுத்து, எல்லாக் கேள்வியும் ஒரே நீளம் இல்லை. "இந்நூலின் ஆசிரியர் யார்" என்ற கேள்வி 15 விநாடியில் முடியும். கூட்டு வட்டிக் கணக்கு ஒன்றரை நிமிடம் கேட்கும். நான்கு கூற்றுகள் தந்து எவை சரி என்று கேட்பது அதற்குக் குறைவில்லை. ஆகவே 54 விநாடி என்பது சராசரிதான். தமிழில் சேமித்ததைக் கணக்கில் செலவழிக்க வேண்டும்.

இரண்டாம் படி: வரிசையை வீட்டிலேயே தீர்மானியுங்கள்

கேள்விகள் எந்த வரிசையில் அச்சாகியிருந்தாலும் அதே வரிசையில் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. நான் பரிந்துரைப்பது தமிழ், பிறகு திறனறிவு, கடைசியில் பொது அறிவு.

தமிழை முதலில் வைப்பதற்குக் காரணம் அந்த 60 மதிப்பெண் வாசல். அதைத் தாண்டிவிட்டோம் என்ற தெம்பு மீதிக்கு உதவும். திறனறிவை நடுவில் வைப்பதைப் பலர் ஏற்கமாட்டார்கள். கணக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் வழக்கமான ஆலோசனை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொது அறிவுக் கேள்விக்கு விடை தெரியும், அல்லது தெரியாது. தலை களைத்திருந்தாலும் தெரிந்தது தெரிந்ததுதான். கணக்கு அப்படி இல்லை. விகிதம், தனிவட்டி, மீ.பொ.ம., பரப்பளவு, வேலையும் நேரமும் என்று எல்லாமே படிப்படியாகப் போட வேண்டியவை. களைத்த தலையோடு, கண்காணிப்பாளர் "இன்னும் பத்து நிமிடம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது போட்டால் 7 பெருக்கல் 8 கூட மறந்துபோகும். 25 கேள்வி என்றால் 37.5 மதிப்பெண். அதைத் தெளிவான தலையோடு எடுங்கள்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்:

9:30 முதல் 10:25 வரை தமிழ், 55 நிமிடம்.
10:25 முதல் 11:05 வரை திறனறிவு, 40 நிமிடம்.
11:05 முதல் 12:05 வரை பொது அறிவு, 60 நிமிடம்.
12:05 முதல் 12:30 வரை விட்டுப்போனவை, 25 நிமிடம்.

வட்டம் நிரப்பும் நேரமும் இதற்குள் அடக்கம். உங்களுக்குத் தமிழ் 45 நிமிடத்தில் முடிகிறது, பொது அறிவு 70 நிமிடம் கேட்கிறது என்றால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஒருமுறை தீர்மானித்த பிறகு தேர்வு நாளில் மாற்றாதீர்கள். திறனறிவின் 40 நிமிடத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். விடை இதோ வந்துவிடும், இன்னும் ஒரு வரிதான் என்று கணக்கு பிடித்து இழுக்கும். 11:05 ஆனால் பாதிக் கணக்கிலேயே விட்டுவிட்டுப் பொது அறிவுக்குப் போய்விட வேண்டும்.

மூன்றாம் படி: மூன்று சுற்றாகப் போங்கள்

முதல் சுற்றில் தெரிந்ததை மட்டும் நிரப்புங்கள். ஒரு கேள்வியை அதிகபட்சம் இரண்டு முறை படிக்கலாம். மூன்றாம் முறை படிக்கத் தோன்றினால் அதை விட்டு நகர வேண்டும் என்று பொருள். "எங்கேயோ படிச்சிருக்கேனே" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் உட்காருவதுதான் இந்தத் தேர்வில் அதிக விலை கொடுக்க வைக்கும் பழக்கம். விட்டுவிட்டுப் போனால் பல நேரம் இருபது கேள்வி தாண்டியதும் விடை தானாக நினைவுக்கு வரும்.

இரண்டாம் சுற்று பாதி தெரிந்தவற்றுக்கு. இங்கே நீக்கும் முறை கைகொடுக்கும். பொருத்துக வகையில் நான்கு இணைகளும் தெரிய வேண்டாம். உறுதியாகத் தெரிந்த ஓர் இணையைப் பிடித்து, அது இல்லாத விடைகளைத் தள்ளினால் பெரும்பாலும் இரண்டு மிஞ்சும். கூற்றுக் கேள்விகளில் நிச்சயமாகத் தவறான கூற்றைத் தேடுங்கள். அது இடம்பெற்ற விடைகள் எல்லாம் போய்விடும். "தவறானது எது", "பொருந்தாதது எது" என்று கேட்கும் இடத்தில் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டே விடைகளைப் படியுங்கள். வேகத்தில் சரியானதைத் தேடி நிரப்பிவிட்டு வருபவர்கள் ஏராளம்.

பொது அறிவும் திறனறிவும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். இரண்டையும் படித்தால் நேரம் இரட்டிப்பாகும். ஒரு மொழியில் மட்டும் படியுங்கள். ஏதாவது கலைச்சொல் புரியாவிட்டால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மற்றதைப் பாருங்கள். ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று வினாத்தொகுப்பிலேயே போட்டிருப்பார்கள்.

மூன்றாம் சுற்று 12:20-க்கு. தவறான விடைக்கு இந்தத் தேர்வில் மதிப்பெண் குறைப்பு கிடையாது. விடைத்தாளில் ஏ, பி, சி, டி தவிர ‘ஈ’ என்று ஐந்தாவது வட்டம் இருக்கும்; விடை தெரியவில்லை என்பதற்கானது அது. எதையுமே நிரப்பாமல் ஒரு கேள்வியை விட்டால்தான் கழிப்பு. ‘ஈ’யை நிரப்பினால் நிச்சயம் பூஜ்யம், ஊகித்தால் நான்கில் ஒரு வாய்ப்பு. இருபது கேள்விகளை ஊகித்தால் சராசரியாக ஐந்து சரியாகும், அது 7.5 மதிப்பெண். அதனால் ஊகத்துக்கென்று ஓர் எழுத்தை வீட்டிலேயே தேர்ந்தெடுங்கள். உதாரணமாக ‘சி’. 12:20-க்குக் காலியாக இருக்கும் வரிசைகளில் எல்லாம் யோசிக்காமல் அதை நிரப்புங்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தின் படபடப்பைப் பெரிய அளவில் குறைக்கும்.

நான்காம் படி: விடைத்தாளோடு கவனம்

வினாத்தொகுப்பில் விடையைக் குறிக்கக் கூடாது என்று அறிவுரை உண்டு. ஆகவே முதலில் எல்லாவற்றையும் புத்தகத்தில் டிக் அடித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்ற திட்டத்தைக் கைவிடுங்கள். விதி இல்லாவிட்டாலும் அது ஆபத்தான திட்டம். கடைசி 17 நிமிடம் கிடைக்காமல் போனால் தெரிந்ததும் போய்விடும். ஒவ்வொரு கேள்விக்கும் உடனே நிரப்புங்கள்.

கேள்விகளை விட்டுவிட்டுப் போகும்போது வரிசை மாறிவிடும் அபாயம் உண்டு. 47-ஐ விட்டுவிட்டு 48-இன் விடையை 47-இல் நிரப்பினால் அடுத்தடுத்து எல்லாம் பிசகும். கருப்புப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பியதை அழிக்கவும் முடியாது. இடது கை விரலை விடைத்தாளில் வினா எண்ணின் மேல் வைத்து, எண்ணை மனதுக்குள் சொல்லி, பிறகு நிரப்புங்கள். ஒவ்வொரு பத்துக்கும் ஒருமுறை எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்படியும் பிசகிவிட்டால் அடித்துத் திருத்தப் போகாதீர்கள். போன ஒன்று போகட்டும், அடுத்த வரிசையிலிருந்து சரியாகத் தொடருங்கள்.

12:30-க்குப் பிறகு 15 நிமிடம் தந்து, எத்தனை ஏ, எத்தனை பி என்று எண்ணி நிரப்பச் சொல்வதும் உண்டு. உங்கள் ஹால் டிக்கெட்டின் அறிவுரைகளில் அது இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இருந்தால் பத்துப் பத்து வரிசையாக எண்ணுங்கள். ஐந்தையும் கூட்டினால் 200 வர வேண்டும். வராவிட்டால் மறுபடி எண்ண நேரம் இருக்கிறது.

ஐந்தாம் படி: ஒத்திகை

மேலே சொன்னது எதுவும் தேர்வன்று முதல்முறை செய்தால் வேலைக்கு ஆகாது. கடைசி ஆறு வாரத்தை ஒத்திகைக்கு ஒதுக்குங்கள். முதல் இரண்டு வாரம் பகுதி பகுதியாக: ஒரு நாள் 55 நிமிடத்தில் 100 தமிழ்க் கேள்விகள், இன்னொரு நாள் 40 நிமிடத்தில் 25 கணக்கு. அதன்பின் வாரம் ஒரு முழுத் தேர்வு, சனி அல்லது ஞாயிறு, காலை 9:30-க்கு. இரவு பதினொரு மணிக்கு எழுதும் மாதிரித் தேர்வு இரவுக்கான பழக்கத்தைத்தான் தரும்.

பழைய வினாத்தாள்களும் விடைகளும் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். அவற்றை விடச் சிறந்த மாதிரித் தேர்வு எதுவும் இல்லை. கோச்சிங் சென்டர் தாள்கள் சில வேண்டுமென்றே கடினமாக இருக்கும். அதில் வரும் மதிப்பெண்ணைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஓ.எம்.ஆர். மாதிரித் தாளை அச்செடுத்து, கருப்புப் பேனாவால் நிரப்பியே எழுதுங்கள்.

தனி அறை, மேசை, ஃபேன் எல்லாம் இருக்கும் இடத்தில் மட்டும் எழுதிப் பழகாதீர்கள். தேர்வு நடப்பது பெரும்பாலும் பள்ளிகளில். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, ஆடும் மேசை, வெளியே ஒலிபெருக்கிச் சத்தம், தாளைச் சரசரவென்று புரட்டும் பக்கத்து இருக்கைக்காரர் என எதுவும் இருக்கலாம். பொது நூலகத்தில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் கட்டணமில்லாமல் வகுப்பும் மாதிரித் தேர்வும் நடக்கின்றன. முகம் தெரியாத ஐம்பது பேரோடு ஒரே அறையில் உட்கார்ந்து எழுதுவது வீட்டில் கிடைக்காத பயிற்சி.

தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: தெரியாது, தப்பாகப் படித்தேன், நேரமில்லை, வட்டம் மாறியது. முதல் வகைக்கு மட்டும்தான் இன்னும் படிக்க வேண்டும். மற்ற மூன்றும் அதிகமாக இருந்தால் புதுப் புத்தகம் வாங்குவதில் பயனில்லை, ஒத்திகையைக் கூட்டுங்கள்.

பதற்றம் வந்தே தீரும், அப்போது என்ன செய்வது

கொஞ்சம் படபடப்பு இருப்பது நல்லது, அது விழிப்பாக வைத்திருக்கும். எல்லை மீறும்போதுதான் சிக்கல். நாம் கணக்குப் போடவும் வாக்கியத்தை நினைவில் வைத்து ஒப்பிடவும் பயன்படுத்தும் செயல்பாட்டு நினைவுக்குக் கொள்ளளவு குறைவு. "போச்சு, இந்தத் தடவையும் போச்சு" என்ற எண்ணம் அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது. படித்தது எங்கேயும் போய்விடவில்லை. எடுப்பதற்கு இடமில்லாமல் நிற்கிறது.

மனம் வெறுமையாகிவிட்டால் இதைச் செய்யுங்கள். பேனாவைக் கீழே வையுங்கள். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்துங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே குறையும், அதனால்தான் விடுவதை நீளமாக வைக்கிறோம். ஐந்து முறை செய்தால் 50 விநாடி. ஒரே ஒரு கேள்வியின் நேரம்தான். அதைச் செலவழிக்கத் தயங்கி அரை மணி நேரத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. பிறகு விட்ட இடத்துக்குப் போகாமல், உங்களுக்கு மிக எளிதான வகையில் ஒரு கேள்வியை எடுத்து நிரப்புங்கள். இதையும் ஒத்திகைத் தேர்வுகளிலேயே செய்து பழக வேண்டும்.

தாளைத் திறந்ததும் முதல் பத்தும் தெரியாத கேள்வியாக இருக்கலாம். 2025 ஜூலை 12 அன்று நடந்த தேர்வில் தமிழ்ப் பகுதி மிகக் கடினம் என்று தேர்வர்கள் பலர் குமுறினார்கள். அத்தகைய தாள் உங்களுக்கு மட்டும் வருவதில்லை, அறையில் இருக்கும் எல்லோருக்கும் அதே தாள்தான். தரவரிசையில் இடம் முடிவாவது மற்றவர்களோடு ஒப்பிட்டு. தாள் கடினமானால் கட் ஆஃப் இறங்கும். ஆகவே கடினமான தாளைக் கண்டால் வேகத்தைக் கூட்டாதீர்கள், விட்டு நகரும் ஒழுங்கைக் கூட்டுங்கள்.

தேர்வை நினைத்தாலே கை நடுங்குகிறவர்களுக்கு இன்னொரு வழி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பைலாக் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயங்களைத் தாளில் எழுதிய மாணவர்கள், குறிப்பாக அதிகம் பதற்றப்படுகிறவர்கள், நன்றாக எழுதினார்கள் என்று கண்டார்கள். காலையில் கிளம்புமுன் ஒரு தாளில் மனதில் இருப்பதை எல்லாம் கொட்டி எழுதிவிட்டுக் கிழித்துப் போடுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம்.

முந்தைய நாளும் அன்று காலையும்

தேர்வு மையத்தை முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பள்ளிகள் இருக்கும் ஊர்கள் உண்டு. ஹால் டிக்கெட், அடையாள அட்டை, கருப்புப் பந்துமுனைப் பேனா இரண்டு ஆகியவற்றை இரவே எடுத்து வையுங்கள். கைக்கடிகாரம் பற்றி ஹால் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். ஸ்மார்ட் வாட்ச் கட்டாயம் கூடாது. அறையில் கடிகாரம் இல்லாவிட்டால் கண்காணிப்பாளரிடம் நேரம் கேட்கத் தயங்காதீர்கள்.

இரவு புதிதாக எதையும் படிக்க வேண்டாம். தூக்கத்தைக் குறைத்துச் சேர்க்கும் நாலு வரியைவிட, தூங்கிய தலை சரியாகப் படிக்கும் நாற்பது கேள்விகள் மதிப்பு மிக்கவை. காலையில் வழக்கமாகச் சாப்பிடும் இட்லியோ இடியாப்பமோ அதையே சாப்பிடுங்கள்.

8:30-க்குள் மையத்தில் இருங்கள். 9 மணிக்குமேல் உள்ளே விடமாட்டார்கள். ஒரு நிமிடத் தாமதத்துக்காக வாசலில் அழுதுகொண்டு நிற்பவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். வாசலில் கூட்டமாக நின்று "இதைப் படிச்சியா, அதைப் படிச்சியா" என்று கேட்பவர்களிடமிருந்து தள்ளி நில்லுங்கள். உள்ளே போகுமுன் கழிவறைக்குப் போய்விடுங்கள். வினாத்தொகுப்பு கைக்கு வந்ததும் பக்கங்கள் எல்லாம் சரியாக அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்து, அதன் எண்ணை நிதானமாக விடைத்தாளில் எழுதி நிரப்புங்கள். அந்த வேலையில் அவசரம் வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களும் உறவுக்காரர்களும்

பலருக்குப் பாடத்தைவிடப் பெரிய பாரம் "இந்தத் தடவையாவது கிடைச்சிடுமா?" என்ற கேள்வி. வேலையை விட்டுவிட்டுப் படிப்பவர்கள், கைக்குழந்தையோடு படிக்கும் பெண்கள், வயது வரம்பை நெருங்குபவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். தேர்வுத் தேதியையும் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணையும் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பக்கம் நிற்கும் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம், அந்த வாரம் கேள்வி கேட்காமல் இருப்பதே பெரிய உதவி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு வாரத்துக்குமேல் தூக்கம் வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதற்கும் பயனில்லை என்று தோன்றுகிறது என்றால் அது படிப்புப் பிரச்சினை இல்லை. மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணிலும், தமிழ்நாட்டில் 104-லும் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றினால்கூட உடனே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

தேர்வு முடிந்த அன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விடைகளை வைத்து மதிப்பெண் போட்டுப் பார்க்காதீர்கள். அவற்றில் தவறு நிறைய இருக்கும். தேர்வாணையம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடும், அதில் ஆட்சேபணை இருந்தால் ஆதாரத்தோடு இணையவழியில் தெரிவிக்கக் குறிப்பிட்ட நாட்கள் தருவார்கள். அந்தத் தேதியைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை எந்தக் கேள்வியில் நேரம் போனது, எங்கே தடுமாறினோம் என்பதை மட்டும் நினைவிருக்கும்போதே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். அடுத்து குரூப் 2 எழுதினாலும் அந்தப் பக்கம் உதவும்.